குழு விவாதத்தைப் படமாக்கி மாணவர் கையில் கொடுப்பது எப்படி?

குழுவாகச் செய்யும் வேலையைக் கொடுத்துவிட்டு அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப்போ, மூடில் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஒரு ஃபோரமோ திறந்துவிடும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினி பெரிதாகத் தெரிய வேண்டாம், எக்செலில் நாலு நெடுவரிசை போடத் தெரிந்தால் போதும்.

வேலை முடிந்ததும் "உன் பங்களிப்பை நீயே மதிப்பிடு" என்று ஒரு தாளை நீட்டுகிறோம், பிள்ளைகளும் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று போட்டுத் தருகிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவரவர் தட்டச்சு செய்தது மட்டும்தான் அவரவர் ஞாபகத்தில் இருக்கிறது. எழுதியதை யார் எடுத்துப் பேசினார்கள், யாருடைய கேள்வியைப் பார்த்தும் தாண்டிப் போனோம், கடைசி வரை எதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, இதெல்லாம் இருநூறு மெசேஜுக்குள் புதைந்து கிடக்கிறது, அதைத் தோண்டி எடுத்து ஒரே பக்கத்தில் கண்ணால் பார்க்கிற மாதிரி கொடுக்காத வரை சுயமதிப்பீடு வெறும் உத்தேசம்தான்.

கொடுக்க வேண்டியவை இரண்டு படங்கள். ஒன்று, யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்பது. இன்னொன்று, யார் எந்தச் சொல்லைச் சுற்றிப் பேசினார்கள் என்பது. முதல் வகைக்குத் தொண்ணூறு வருடப் பழக்கம் இருக்கிறது. ஜேக்கப் மோரேனோ என்ற மனநல மருத்துவர் 1930களில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் "யார் பக்கத்தில் உட்கார ஆசை?" என்று கேட்டு, அதைப் புள்ளியும் கோடுமாக வரைந்து காட்டினார். இன்று சமூக வலைப்பின்னல் ஆய்வு என்று சொல்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று அந்தப் படம். இரண்டாவது வகைக்கு எனக்குப் பிடித்த உதாரணம், 2000களின் நடுவில் ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்த ஐ-பீ என்ற மென்பொருள். அதில் மாணவர்கள் தேனீக்கள், விவாதத்தின் முக்கியச் சொற்கள் பூக்கள். யார் எந்தச் சொல்லோடு நெருக்கமாக இருக்கிறாரோ அந்தத் தேனீ அந்தப் பூவின் அருகில் நிற்கும். பிள்ளைகள் தங்களைத் தாங்களே மதிப்பிடட்டும் என்பதற்காகவே செய்தது அது. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துத் தேன்கூட்டைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் தலைப்பு. "மாசுபாடு என்றால் என்ன" என்று கொடுத்தால் ஆளுக்கொரு பத்தியை இணையத்திலிருந்து ஒட்டிவிட்டுப் போவார்கள், படத்தில் கோடே விழாது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாத தலைப்பு வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை, ஒரே வகுப்பில் கடற்கரையான தூத்தூர், குளச்சல் பக்கத்துப் பிள்ளையும் உள்ளே இருக்கிற குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க ஒரு மாதிரிக் குழுவை வைத்துக்கொள்கிறேன்: ஆறு பேர், தலைப்பு "2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் நமக்கு என்ன செய்தது, அடுத்ததற்கு நாம் எப்படித் தயாராவது". கடற்கரையில் அது கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதை. உள்ளே இருக்கிற ஊர்களில் அது சாய்ந்த ரப்பர், சாய்ந்த வாழை, நாள்கணக்கில் வராத கரண்ட். இரண்டும் ஒரே புயல், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். (ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் ஆளை இழந்த பிள்ளை குழுவில் இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், வேண்டாம் என்றால் தலைப்பையே மாற்றிவிடுங்கள். சுசீந்திரம் தேரூர் குளம், தோவாளைப் பூச்சந்தை என்று எத்தனையோ இருக்கிறது.)

ஒரு குழுவில் ஐந்திலிருந்து ஏழு பேர் வரை நல்லது. மூன்று பேர் என்றால் வரைய ஒன்றுமில்லை, பத்தைத் தாண்டினால் கோடுகள் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது சம்மதம். விவாதம் தொடங்கும் முன்பே "உங்கள் மெசேஜ்களை எடுத்துப் படமாக்கப் போகிறேன், உங்கள் குழுவுக்கு மட்டும்தான் காட்டுவேன், மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பதினெட்டு வயது நிறையாதவர்கள் என்றால் பெற்றோரிடமும் வாங்க வேண்டும், பள்ளிகளில் இதை மறக்கவே கூடாது. பெயருக்குப் பதில் ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய கோப்பில் பெயரோ போன் நம்பரோ அப்படியே இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் அதை எல்லாம் எண்ணாக மாற்றிவிடுவது முதல் கடமை, பெண் பிள்ளைகளின் நம்பர் உங்கள் கணினியிலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்விடக் கூடாது.

உரையாடலை வெளியே எடுப்பது

வாட்ஸ்அப்பில் குரூப்பைத் திறந்து, மூன்று புள்ளி, மேலும், எக்ஸ்போர்ட் சாட், மீடியா இல்லாமல். ஒரு டெக்ஸ்ட் கோப்பு வரும், ஒவ்வொரு மெசேஜுக்கும் நாள், நேரம், பெயர், சொன்னது என்று இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்: யார் எந்த மெசேஜைப் பிடித்து ரிப்ளை போட்டார்கள் என்ற விவரம் அந்தக் கோப்பில் வராது. போனில் பளிச்சென்று தெரிகிற அந்த மேற்கோள் பெட்டி கோப்பில் இல்லவே இல்லை. நமக்கு வேண்டியதோ அதுதான்.

இதற்கு எளிய வழி, ஆரம்பத்திலேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிடுவது. யாருக்குப் பதிலோ அவர் எண்ணை முதலில் போட்டு எழுதச் சொல்லுங்கள், "3க்கு: அப்படி இல்ல, எங்க பக்கம் வேற மாதிரி" என்பதுபோல. முதல் நாள் மறப்பார்கள், இரண்டு தடவை ஞாபகப்படுத்தினால் தானாக வந்துவிடும். குரல் மெசேஜ் அனுப்புபவர்கள் கீழே ஒரு வரியில் சாரத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் பேசியது முழுக்கக் கோப்பில் காணாமல் போய்விடும். தட்டச்சு செய்யக் கூச்சப்படும் பிள்ளைகள்தான் அதிகம் குரலில் பேசுவார்கள் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கல்லூரியில் மூடில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபோரம் பதிவுகளைச் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கக்கூடியது) இறக்கும் வசதி அதன் புதிய பதிப்புகளில் இருக்கிறது, அதில் பேரன்ட் என்ற நெடுவரிசை எந்தப் பதிவு எதற்குப் பதில் என்பதைக் காட்டிவிடும். ஆனாலும் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது வாட்ஸ்அப்பில்தான், அதனால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஷீட்டில் போடுவது

எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ ஐந்து நெடுவரிசை: வரிசை எண், நேரம், யார், யாருக்கு, சொன்னது. இதில் "யாருக்கு" என்பதை நிரப்புவதுதான் உண்மையான வேலை, அதை நம் கையால்தான் செய்ய வேண்டும். நம் மாதிரிக் குழுவில் இப்படி ஒரு இடம் வருகிறது என்று வையுங்கள்.

2: "எங்க ஊர்ல வள்ளத்துல போனவங்களுக்கு எச்சரிக்கையே வந்து சேரல."
5: "2க்கு: ரேடியோவுல சொன்னாங்கல்லா?"
2: "5க்கு: ஆழ்கடலுக்குப் போயி பத்து நாள் ஆனவங்களுக்கு எந்த ரேடியோ?"
4: "எங்க விளையில ஏத்தன் முழுக்க சாஞ்சு போச்சு."
1: "சூப்பர் பாயின்ட்."

முதல் வரி 2 எல்லாருக்கும் சொன்னது. இரண்டாவது 5லிருந்து 2க்கு, மூன்றாவது 2லிருந்து 5க்கு. நான்காவது (ஏத்தன் என்றால் நேந்திரன் வாழை)? எண் போடவில்லை, முன்னால் நடந்த பேச்சைத் தொடவும் இல்லை, அதனால் அதையும் "எல்லாருக்கும்" என்று போடுங்கள். 4 நல்ல தகவலைத்தான் கொண்டுவந்தார், ஆனால் 2 கேட்ட பெரிய கேள்வி அந்த இடத்திலேயே நின்றுபோனது. பின்னால் படத்தைப் பார்த்துவிட்டு 4 தானாகவே கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இது, நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. ஐந்தாவது யாருக்கு என்றே தெரியவில்லை. "சூப்பர்", "ஓகே", கட்டைவிரல் எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கி வையுங்கள். சேர்த்து எண்ணினால் அதிகம் பாராட்டுகிறவர் அதிகம் விவாதித்தவராகப் படத்தில் தெரிவார்.

எண் போடாவிட்டாலும் முந்தைய ஆளின் கருத்தைத் தெளிவாக எடுத்துப் பேசினால் அவருக்குப் பதில் என்று கொள்ளலாம். சந்தேகம் வந்தால் எல்லாருக்கும் என்று போட்டுவிடுங்கள், ஊகித்துக் கோடு போடாதீர்கள். முதல் முப்பது மெசேஜை மட்டும் இன்னொரு ஆசிரியரும் தனியாகக் குறித்துப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால், உங்கள் விதி எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

வரைவது

முதல் தடவை சார்ட் பேப்பரில் கையால் வரையுங்கள். வட்டமாக ஆறு புள்ளி, ஒவ்வொன்றிலும் எண். 5லிருந்து 2க்கு நான்கு பதில் போயிருந்தால் 5லிருந்து 2ஐ நோக்கி ஒரு அம்புக்குறி, அதன்மேல் 4 என்று எழுதிக் கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள். எல்லாருக்கும் சொன்னவை நடுவில் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகட்டும். ஒரு குழுவுக்குக் கணினியைவிட இதுவே சீக்கிரம் முடியும், ஒவ்வொரு கோடும் எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்கு அத்துப்படியாகிவிடும்.

குழுக்கள் கூடினால் கெஃபி என்ற இலவச மென்பொருளுக்குப் போகலாம். ஷீட்டில் சோர்ஸ், டார்கெட், வெயிட் என்று மூன்று நெடுவரிசை (யார், யாருக்கு, எத்தனை தடவை), அதைச் சிஎஸ்வியாகச் சேமித்து உள்ளே ஏற்றி, லேஅவுட்டில் ஃபோர்ஸ் அட்லஸ் 2 (புள்ளிகளைத் தானாக அடுக்கும் முறை) கொடுத்தால் படம் வந்துவிடும். நெடுவரிசைத் தலைப்புகளை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் புரியாது. புள்ளியின் அளவை வந்த பதில்களின் எண்ணிக்கைக்கு வையுங்கள், அனுப்பியதற்கு வேண்டாம். அதிகம் பேசுகிறவர் பெரிதாகத் தெரிவதைவிட, யார் சொன்னதை மற்றவர்கள் எடுத்துப் பேசினார்களோ அவர் பெரிதாகத் தெரிவதுதான் கூட்டுக் கற்றலுக்குப் பொருத்தம்.

பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது: படத்தில் மேலே இருப்பது, கீழே இருப்பது என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. மென்பொருளை மறுபடி ஓட்டினால் புள்ளிகள் வேறு இடத்தில் போய் நிற்கலாம். கோடுகளை மட்டும் படிக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஓரத்தில் விழுந்த பிள்ளை "என்னை ஒதுக்கிட்டாங்க" என்று நினைத்துவிடும்.

காட்டும் முன் அவர்களை வரையச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். படத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து ஆறு புள்ளி வைத்து, "நீ யாருக்கு அதிகம் பதில் சொன்னாய், உனக்கு யார் பதில் சொன்னார்கள், உத்தேசமாகக் கோடு போடு" என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். அப்புறம் உண்மைப் படத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டு தாளுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தில்தான் சுயமதிப்பீடு நடக்கிறது. நேரடியாகப் படத்தைக் காட்டினால் "ஆமா சார், தெரியும்" என்று தலையாட்டிவிடுவார்கள். தான் எல்லோரோடும் பேசியதாக நம்பி ஐந்து கோடு போட்ட பிள்ளை, உண்மையில் இரண்டு பேரோடு மட்டும் பேசியிருப்பதைப் பார்க்கும்போது நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. "நான் ஒண்ணும் பண்ணல" என்று நினைத்த பிள்ளைக்கு, அது எழுதிய ஒரே ஒரு வரியை நான்கு பேர் பிடித்துக்கொண்டு பேசியது தெரியவரும். அந்தப் பிள்ளைக்கு இந்தப் படம் செய்கிற நன்மையை நம்முடைய எந்தப் பாராட்டும் செய்ய முடியாது.

படத்தைப் படிப்பது

ஆறு பேருக்குள் பதினைந்து ஜோடிகள் சாத்தியம். நம் மாதிரிக் குழுவில் எல்லாரும் 1உடன் பேசுகிறார்கள், அதைத் தவிர 2உம் 5உம் பேசிக்கொள்கிறார்கள் என்றால், கோடு விழுந்தது ஆறு ஜோடிக்கு. பதினைந்தில் ஆறு, 0.4. இதை அடர்த்தி என்பார்கள். எண்ணைவிட உருவம் முக்கியம்: நடுவில் ஒருவர், சுற்றிலும் மற்றவர்கள், நட்சத்திரம் மாதிரி. 1 குழுத் தலைவராக இருந்து எல்லாரிடமும் வேலை வாங்கியிருக்கலாம், அல்லது எல்லாரும் அவரைக் குட்டி ஆசிரியராக நினைத்துப் பதில் சொல்லியிருக்கலாம். எது என்று படம் சொல்லாது, மெசேஜைத் திறந்து படித்தால்தான் தெரியும். பதினைந்துக்குப் பதினைந்து வர வேண்டும் என்று யாரையும் விரட்டவும் வேண்டாம், எல்லாரும் எல்லாருக்கும் ஒப்புக்குப் பதில் போட்டால் அந்த எண் வந்துவிடும்.

கோடே இல்லாத புள்ளி ஒன்று இருந்தால் அவசரப்படாதீர்கள். பேச்சிப்பாறைக்கு மேலே டவர் கிடைக்காத இடத்திலிருந்து வருகிற பிள்ளையாக இருக்கலாம், வீட்டில் அண்ணனும் அம்மாவும் சேர்ந்து பயன்படுத்துகிற ஒரே போனாக இருக்கலாம். எல்லாவற்றையும் வாசித்து மனதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தவராகவும் இருக்கலாம், வாசித்தது இந்தப் படத்தில் வராது. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள், குழு நடுவில் வைத்துக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது படம், சொற்கள்

ஷீட்டில் இன்னொரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு மெசேஜிலும் வருகிற முக்கிய விஷயத்தைக் குறியுங்கள். பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம்: எச்சரிக்கை, வள்ளம், தேடுதல், ரப்பர், வாழை, கரண்ட், நிவாரணம், இப்படி. பிறகு ஒரு பக்கம் பிள்ளைகள், மறுபக்கம் சொற்கள், நடுவில் கோடு.

இதைக் கணினியிடம் முழுக்க விட்டுவிட முடியாது. புயல், புயலால், புயலுக்கு, புயல்ல என்று வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே போகும், சொல் எண்ணும் கருவி ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாக எடுத்துக்கொள்ளும். பாதிப் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், ஒரே சொல்லுக்கு நாலு எழுத்துக்கூட்டல் வரும். இதைவிடப் பெரிய சிக்கல், "மரம் போச்சு" என்று கடற்கரைப் பிள்ளை சொன்னால் அது கட்டுமரம், அருமனைப் பிள்ளை சொன்னால் அது ரப்பர் மரம். எண்ணி மட்டும் படம் போட்டால் இருவரும் ஒரே விஷயத்தைப் பேசியதாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அதனால் படித்துப் பார்த்துக் கையால் குறிப்பதே நம்பகம்.

நம் குழுவின் சொற்படம் பெரும்பாலும் இரண்டு கொத்தாகப் பிரியும். கடற்கரைப் பிள்ளைகள் வள்ளம், தேடுதல் பக்கம், மற்றவர்கள் ரப்பர், வாழை பக்கம். இரண்டுக்கும் நடுவில் எச்சரிக்கை, நிவாரணம் என்று இரண்டு சொல் நிற்கும், அந்தச் சொற்களோடு இரண்டு கொத்தையும் தொட்ட பிள்ளை யார் என்று பாருங்கள். பதில்களின் படத்தில் சின்னப் புள்ளியாக இருந்தவர் இங்கே பாலமாக நிற்கக்கூடும். அதற்காகவே இரண்டு படத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன், ஒன்றை மட்டும் கொடுப்பது அரைகுறை.

கேள்விகளும் மறுபடி ஒரு படமும்

இரண்டு படமும் கையில் இருக்கும்போது ஒவ்வொருவரும் எழுத்தில் பதில் சொல்லட்டும். என் உத்தேசப் படத்துக்கும் உண்மைப் படத்துக்கும் பெரிய வித்தியாசம் எது? நான் பதில் சொல்லாமல் விட்ட நல்ல கேள்வி ஒன்று எது, அந்த மெசேஜை எடுத்து ஒட்டு. என் மெசேஜில் விவாதத்தை நகர்த்தியது ஒன்று, நகர்த்தாதது ஒன்று, இரண்டையும் காட்டு. அடுத்த வாரம் நான் மாற்றப்போவது ஒன்றே ஒன்று என்ன? "இன்னும் நன்றாகப் பங்கேற்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், "6இடம் அவங்க ஊரில் கரண்ட் எப்ப வந்துதுன்னு கேப்பேன்" என்கிற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் விவாதம் பாதியில் இருக்கும்போதே நடக்க வேண்டும். இரண்டு வாரம் என்றால் முதல் வாரக் கடைசியில். எல்லாம் முடிந்த பிறகு கொடுக்கிற படத்தால் யாரும் எதையும் மாற்ற முடியாது. இரண்டாவது வாரம் முடிந்ததும் மறுபடி வரையுங்கள், ஆனால் புள்ளிகளை முதல் படத்தில் வைத்த அதே இடத்திலேயே வையுங்கள், அப்போதுதான் புதிதாக விழுந்த கோடு எது என்று ஒரு பார்வையில் தெரியும்.

இன்டர்னல் மார்க்கை இதோடு சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். சேர்க்காதீர்கள். கோட்டுக்கு மார்க் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து பிள்ளைகள் கோட்டுக்காக எழுதத் தொடங்கிவிடுவார்கள், அப்புறம் நீங்கள் வரைகிற படம் விவாதத்தைப் பற்றியதாக இருக்காது. மார்க் போட்டே ஆக வேண்டும் என்றால், குழு கடைசியில் கொடுக்கிற அறிக்கைக்குப் போடுங்கள்.

ஒரே நேரத்தில் முழு வகுப்புக்கும் இறங்க வேண்டாம், முதல் செமஸ்டரில் ஒரு குழு போதும். நூறு மெசேஜைக் குறிக்கச் சாதாரணமாக ஒரு மாலை பிடிக்கும், பழகிவிட்டால் குறையும். அடுத்த செமஸ்டரில் குறிக்கிற வேலையையே பிள்ளைகளிடம் கொடுக்கலாம், ஒரு குழு இன்னொரு குழுவுடையதை எண் மாற்றிய கோப்பில் குறிக்கட்டும், ஆனால் அதற்கும் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். பருவம் முடிந்ததும் படங்களையும் சுயமதிப்பீட்டுத் தாள்களையும் அவரவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் போனிலும் கணினியிலும் மெயிலிலும் கிடக்கிற அந்த டெக்ஸ்ட் கோப்பை அழித்துவிடுங்கள்.